காற்றுக்கு அடிமை வைத்த பிள்ளை

சூசையார்துறையில் யார் புதுவள்ளம் இறக்கினாலும், பங்குச் சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்த மறுநாள், வலையைக் கரையில் போட்டுவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளை வள்ளத்தில் ஏற்றி, புளிச்சோறும் பொரித்த மீனும் கட்டிக்கொண்டு, தீவில் இருக்கிற குருசடி என்கிற சின்னச் சிலுவைக் கோயில் வரைக்கும் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் திரும்புவது வழக்கம். எங்கள் பெண்கள் கடலுக்குள் போவது அந்த ஒரு நாள்தான், மற்ற நாளெல்லாம் கரையில் நின்று கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்ப்பதோடு சரி, அதனால் அந்த ஒரு நாளுக்கு முன்கூட்டியே சேலை எடுத்து, ஜாக்கெட் தைத்து, கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரிக் கிளம்புவார்கள். ரெமிஜியுஸ் புதுவள்ளம் இறக்கியபோது அவன் பெண்டாட்டி கித்தேரியும் நீலச் சேலையும் தலை நிறையப் பிச்சிப்பூவுமாக அப்படித்தான் கிளம்பினாள், கையில் எட்டு வயது மகள் ஜெர்லின், அவர்கள் மூன்று பேர்தான் குடும்பம். போகும்போது கடல் குளத்துத் தண்ணீர் போலச் சாதுவாகக் கிடந்தது. திரும்பும்போது கச்சான் பிடித்துக்கொண்டது.

கச்சான் என்பது மேற்கேயிருந்து வருகிற காற்று, எங்கள் கரையில் அது வீசினால் வள்ளத்தை வீட்டுக்கு வரவிடாமல் உள்ளே, இன்னும் உள்ளே என்று தள்ளிக்கொண்டே போகும். அன்றைக்கும் அப்படித்தான், இன்ஜின் இருமி இருமி நின்றுபோனது, சோற்றுத் தூக்குவாளி மிதந்து போனது, பிச்சிப்பூ பிய்ந்து போனது, தண்ணீர் முழங்கால் வரைக்கும் ஏறியது, ரெமிஜியுஸ் இறைக்க இறைக்க அலை திரும்பவும் அள்ளி ஊற்றியது, கரை என்று ஒன்று இருந்ததா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு எல்லாப் பக்கமும் ஒரே சாம்பலாக இருந்தது. கித்தேரி பிள்ளையைத் தூக்கிக் காற்றுக்கு நேராக நீட்டிக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினாள்.

"எங்களக் கரை சேத்துரு! எம் பிள்ளைய ஒனக்கு அடிமையா வைக்கேன்!"

இதில் ஒன்றும் புதிதில்லை. காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையை, பிறந்த பிள்ளை நிலைக்காத வீட்டுப் பிள்ளையை, அந்தோனியாருக்கோ மாதாவுக்கோ அடிமை வைப்பதும், பிழைத்தபிறகு மீன் எடைபோடுகிற தராசில் ஒரு தட்டில் பிள்ளையை உட்காரவைத்து மறுதட்டில் அதே எடைக்கு உப்பு வைத்து, அந்த உப்பைக் கோயிலுக்குக் கொடுத்து மீட்டுக்கொள்வதும் எங்களுக்குத் தலைமுறை தலைமுறையாக இருக்கிற பழக்கம், ஊரில் பாதிப்பேர் அப்படி மீட்கப்பட்டவர்கள்தான். கித்தேரி கத்தி முடித்ததும் காற்று தணிந்தது. இன்ஜின் தானாகவே கிளம்பியது என்று ரெமிஜியுஸ் பிறகு சொன்னான்.

அவர்கள் கரை சேர்ந்தபோது ஊர் முழுக்க நல்ல வெயில், ஆனால் மூன்று பேரும் மழையில் நனைந்தபடிதான் இறங்கினார்கள். ஜெர்லின் தலைக்கு மேலே ஒரு தார்ப்பாய் அகலத்துக்குக் கருமேகம் நின்றது, அதற்குள் கச்சான் சுற்றிச் சுற்றி வந்தது, அதிலிருந்து மழை கொட்டியது, அவள் நடந்தால் அதுவும் நடந்தது, அவள் நின்றால் அதுவும் நின்றது, அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் ஓட்டுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு ராத்திரி பகல் பார்க்காமல் பெய்தது.

முதலில் சண்டைக்கு வந்தவள் பக்கத்து வீட்டு மெட்டில்டா. "ஏளா கித்தேரி, கடலுக்குப் போனவ மீனு கொண்டு வருவாவ, நீ என்னளா மழையக் கொண்டு வந்துருக்க? எங் கருவாடு பூரா ஊறிப் போச்சு!" என்று முற்றத்தில் நின்று கத்தியவள், கத்திக்கொண்டிருக்கும்போதே வாய்க்குள் போன தண்ணீரைச் சப்புக்கொட்டிப் பார்த்தாள், பிறகு வீட்டுக்குள் போய்க் குடத்தை எடுத்துவந்து ஓட்டுக்கு அடியில் வைத்தாள். பங்குச் சாமியார் குடையோடு வந்து ஜெபம் சொன்னார், குடை மடங்கிப் போனது, திரும்பிப் போனார், மறுநாள் அவருடைய சமையல்காரர் இரண்டு பிளாஸ்டிக் குடங்களோடு வந்து வரிசையில் நின்றார்.

எங்களைக் குறை சொல்ல நினைக்கிறவர்கள் ஒரு வாரம் எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்து சொல்லட்டும். உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற ஊர், கிணறு பூராவும் உப்பேறிப் போனது, சோறு கரிக்கும், காபி கரிக்கும், பிள்ளைக்குத் தலை தேய்த்துவிட்டால் முடி கயிறு கயிறாக நிற்கும், தண்ணீர் லாரி வந்தால் வந்தது, வராவிட்டால் மாதா விட்ட வழி. அப்படிப்பட்ட ஊரில் இளநீர் மாதிரி ஒரு தண்ணீர், கேட்காமலேயே, வானத்திலிருந்து, அதுவும் சொன்ன இடத்துக்கு நடந்து வந்து பெய்தால் நாங்கள் என்ன செய்வோம், அது ஏன் வந்தது எதற்கு வந்தது என்று ஆராய்ச்சியா பண்ணுவோம்?

ஊர்க்கமிட்டித் தலைவர் இஞ்ஞாசி மாமா முறை போட்டார். திங்கள் மேலத்தெரு, செவ்வாய் கீழத்தெரு, அடுத்த நாள் கோயில்தெரு என்று ஜெர்லின் தெருத்தெருவாகப் போய் உட்கார்ந்தாள், போன தெருவில் அண்டாவும் டிரம்மும் வாளியும் அடுக்கி வைத்திருந்தார்கள், போன வீட்டில் அவளுக்கு இறாலும் நெய்மீனும் பொரித்துக் கொடுத்தார்கள், எங்கள் பிள்ளைகளுக்குப் பிறந்தநாளைக்குக்கூட நாங்கள் அப்படிச் செய்ததில்லை. பள்ளிக்கூடத்தில் ஓடு ஒழுகுகிறது என்று அவளை மட்டும் வராண்டாவில் உட்காரவைத்தார்கள், ஒழுகின தண்ணீரை டீச்சர்மார் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு மாதத்தில் ஊரில் முருங்கை பூத்தது, அடுப்படிக்குப் பின்னால் வாழை குலை தள்ளியது, வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்கள் துணி துவைக்கிறதுக்கென்றே பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்கு வந்தார்கள்.

கித்தேரி மட்டும் முதல் வாரத்திலேயே உப்பு மூட்டையும் பிள்ளையுமாகக் கோயிலுக்குப் போனாள். உபதேசியார் தராசைத் தொங்கவிட்டு, ஜெர்லினைத் தட்டில் உட்காரவைத்து, சிலுவை போட்டு, வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"யாருக்கு அடிமை வச்சிய?"

"அந்தோனியாருக்குத்தான..." என்று ஆரம்பித்த கித்தேரி பாதியில் நிறுத்திவிட்டாள்.

"வாயால பேரச் சொன்னியளா?"

அவள் ரெமிஜியுஸைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "பேரு சொல்லல உபதேசியாரே. ஒனக்குன்னுதான் சொன்னா. நான் பக்கத்துலதான நின்னேன்."

"யாரப் பாத்துச் சொன்னாவ?"

"காத்தப் பாத்து."

உபதேசியார் அண்ணாந்து பார்த்தார். கோயில் கூரைமேல் மழை அடிக்கிற சத்தம்தான் கேட்டது. "புனிதர்மாரு மரியாதப்பட்டவங்கம்மா, கூப்புடாத எடத்துல கை நீட்ட மாட்டாவ. சத்தம் யாரு காதுல விழுந்துச்சோ அவந்தான் வாங்கிட்டான். இத நான் மீட்டுத்தர முடியாது. வச்ச எடத்துக்குப் போயி, வச்சவன்கிட்டத்தான் மீக்கணும்" என்று சொல்லிவிட்டு, பிள்ளையை அவரே தட்டிலிருந்து தூக்கி இறக்கினார், தூக்கும்போது அவர் முகம் ஒரு மாதிரி ஆனதைக் கித்தேரி பார்த்தாள். பயம் அவளுக்கு அன்றைக்குத்தான் வந்தது, வந்தது பிறகு போகவேயில்லை.

மறுநாளே கடலுக்குப் போய் மீட்டுவிட வேண்டும் என்றாள். இஞ்ஞாசி மாமா வாழைப்பழச் சீப்போடு வீட்டுக்கு வந்தார். "போவத்தான் வேணும், யாரு வேண்டாம்னா? அடுத்த கிழமை திருவிழாக் கொடியேத்து. அசனத்துக்கு ஊரு ஒலகமெல்லாம் வரும், அத்தன பேருக்கும் சோறு வடிக்கணும். அசனம் முடியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். அந்த வருஷம் கொடியைத் தூக்கி வருகிற மரியாதையை ரெமிஜியுஸுக்குக் கொடுத்தோம், அவன் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தபோது ஜெர்லின் பின்னால் நடந்தாள், சப்பரமும் பூவும் வெடியும் அத்தனையும் நனைந்தது, ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. அசனம் முடிந்தது. அதற்குப் பிறகு கோயில்தெருவில் ஒரு கல்யாணம் வந்தது, கல்யாணத்துக்குப் பிறகு ஊருக்குப் பெரிய தொட்டி ஒன்று கட்ட ஆரம்பித்தோம், தொட்டி நிறையட்டும் என்றோம். தொட்டி நிறைந்ததும், இன்னொன்று கட்டினால் கோடையைத் தாண்டிவிடலாமே என்று யாரோ சொன்னார்கள், சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

இதற்குள் ஜெர்லின் எடை குறைந்துகொண்டே வந்தாள். மெலியவில்லை, கன்னம் உப்பலாகத்தான் இருந்தது, இறால் தின்ற பிள்ளையல்லவா, ஆனால் கட்டிலில் அவள் ஏறினால் கயிறு முனகுவதில்லை, சைக்கிளில் பின்னால் உட்கார்ந்தால் ஓட்டுகிறவனுக்கு அவள் இருக்கிறாளா இறங்கிவிட்டாளா என்று தெரிவதில்லை, விளையாட்டில் குதித்தால் மற்றப் பிள்ளைகள் இறங்கி நின்று கொஞ்சநேரம் கழித்துத்தான் அவள் இறங்குவாள். கித்தேரி காலையில் எழுந்ததும் முதல் வேலையாக மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துப் பார்ப்பாள். எட்டு வருஷம் சுமந்த இடுப்பு, அதற்குத் தெரியும் நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம். ஒருநாள் வைத்துப் பார்த்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

நாங்களும் கண்ணை மூடிக்கொண்டு இருக்கவில்லை. வலையின் அடியில் கட்டுகிற ஈயக்குண்டுகளை வீட்டுக்கு வீடு கொண்டுவந்து கொடுத்தோம், மெட்டில்டா அதையெல்லாம் ஜெர்லின் பாவாடை விளிம்பில் வைத்துத் தைத்துக் கொடுத்தாள், அழகாகத் தைத்திருந்தாள், வெளியே தெரியாது. பிள்ளை நடந்தால் கிலுக் கிலுக் என்று சத்தம் கேட்கும், அந்தச் சத்தம் கேட்டதும் தெருவில் குடங்கள் வெளியே வரும்.

"அம்மா, காதுக்குள்ள யாரோ எம் பேரச் சொல்லிக் கூப்புடுதாவ" என்றாள் ஜெர்லின் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது.

"யாரு மக்களே?"

"தெரியல. நல்லாத்தான் கூப்புடுதாவ. போவட்டுமா?"

கித்தேரி எச்சில் கையோடு எழுந்து இஞ்ஞாசி மாமா வீட்டுக்கு நடந்தாள். தெருவில் நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். "மாமா, இனி பொறுக்க முடியாது, நாளைக்குப் போறோம்" என்றாள். அவர் குரலை உயர்த்தவில்லை, அவர் எப்போதும் உயர்த்தமாட்டார். "கித்தேரி, அது இப்ப ஒம் பிள்ள மட்டுமா? ஊருப் பிள்ள. காத்தோட பேசுறதுன்னா ஊரு கூடித்தான் பேசணும், நீயும் நானுமா பேச முடியும்? பாரு, எம் மருமவ முழுகாம இருக்கா, இந்தத் தண்ணி வந்த பெறகுதான் நின்னுருக்கு" என்றார். அன்றைக்குச் சாயங்காலமே ரெமிஜியுஸின் வள்ளத்திலிருந்து இன்ஜினைக் கழற்றிக் கமிட்டி அறையில் வைத்துப் பூட்டினோம், கடல் மோசமாக இருக்கிறது, யாரும் அவசரப்பட்டுவிடக் கூடாது என்பதற்காக.

ரெமிஜியுஸ் கொஞ்சம் தாமதமாகப் புரிந்துகொள்கிற ஆள், ஆனால் புரிந்துகொண்டால் அதற்குமேல் பேசமாட்டான். வெறும் வள்ளத்தைப் பார்த்துவிட்டு வந்து, "இன்ஜினக் கொண்டு போயிட்டானுவ" என்றான். கித்தேரி ஓட்டைக் காட்டினாள். "இன்ஜினு எதுக்கு? அதான் காத்து நம்ம வீட்டு மேலயே நிக்கே."

ஞாயிறு காலைப் பூசையில் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தபோது அவர்கள் புறப்பட்டார்கள். உப்பு மூட்டை, தராசு, இரண்டு துடுப்பு, பாய்மரத்துக்கு ஒரு கம்பு, பாய்க்குப் பதிலாக ஒரு தார்ப்பாய், கித்தேரி இடுப்போடு கயிற்றால் சேர்த்துக் கட்டிய ஜெர்லின். தார்ப்பாயை விரித்ததும் அவளுடைய கச்சான் அதில் நிறைந்தது, வள்ளம் யாரோ பிடரியைப் பிடித்துத் தள்ளுகிற மாதிரிக் கடலுக்குள் பாய்ந்தது. கோயிலுக்குள் இருந்த எங்களுக்கு அது தெரியாது. கோயிலுக்குப் பக்கத்தில், ஜெர்லினை உட்காரவைத்து நிரப்பிக்கொண்டிருந்த இரண்டாவது தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் நின்றதுதான் தெரிந்தது. சாமியாரே பிரசங்கத்தை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார், அடுத்த நிமிஷம் கோயில் காலி, வழியில் வீடுகளுக்குள் நுழைந்து குடத்தை எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடினோம், குடம் எடுத்துக் கை பழகிவிட்டது.

அங்கே கடலுக்குள் நடந்ததைக் கித்தேரி பிறகு ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்து சொன்னாள். அடிமை வைத்த இடம் வந்ததும் காற்று எல்லாப் பக்கமும் சுற்றி நின்றுகொண்டது, அலை அவர்களைச் சுற்றிச் சுவர் போல எழும்பியது, ரெமிஜியுஸ் பாய்மரக் கம்பில் தராசைக் கட்டிவிட்டு அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான். கித்தேரி மகளின் பாவாடையிலிருந்து ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து எறிந்துவிட்டு, இடுப்புக் கயிற்றை அவிழ்த்து அவளைத் தட்டில் உட்காரவைத்து, மறுதட்டில் ஒரு கை உப்பைப் போட்டாள். உப்புத்தட்டு தடாரென்று இறங்கியது. பாதியை அள்ளினாள், அப்போதும் உப்புதான் கனத்தது. அள்ளி அள்ளிக் கடைசியில் ஒரு சிட்டிகை உப்பும் அவள் மகளும் சமமாக நின்றார்கள்.

"இம்புட்டுத்தானா எம் பிள்ள?" என்று அவள் காற்றைப் பார்த்துக் கேட்டாள்.

காற்று சந்தோஷமாக இருந்தது தெரிந்தது, தட்டில் உட்கார்ந்திருந்த ஜெர்லினின் முடியை அது கோதிவிட்டுக்கொண்டிருந்தது. "அந்தச் சிட்டிகையப் போட்டுட்டுக் கெளம்புளா, மீட்டாச்சு" என்றான் ரெமிஜியுஸ். கித்தேரி அசையவில்லை. சிட்டிகை உப்பைக் கொடுத்தால் சிட்டிகை உப்பளவு பிள்ளைதான் திரும்பக் கிடைக்கும் என்று அவளுக்கு அந்த இடத்தில் பட்டது. தராசைத் தள்ளிவிட்டாள், மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "நான் வச்ச அன்னைக்கு எம் பிள்ள எம்புட்டு இருந்தாளோ அம்புட்டும் குடுக்கேன், அம்புட்டும் திருப்பித் தா!" என்று சொல்லி உப்பைக் கை கையாக அள்ளிக் கடலில் போட்டாள், எவ்வளவு என்று தராசு சொல்லவில்லை, அவள் இடுப்பு சொன்னது, மூட்டையில் இருந்ததெல்லாம் ஏறக்குறையத் தீர்கிற நேரத்தில் இடுப்பு போதும் என்றது, அவள் நிறுத்தினாள். நிறுத்தினதும் வள்ளம் அவள் உட்கார்ந்திருந்த பக்கமாகப் பொதுக்கென்று சாய்ந்தது. மடி வலித்தது. பிள்ளையின் கனத்தில் கால் மரத்துப்போய், அந்த வலி போதாது போதாது என்று அழுதாள். நிமிர்ந்து பார்த்தபோது தலைக்கு மேலே மேகம் இல்லை, காற்று ஒரு பொட்டு இல்லை, அது கிளப்பிவிட்டுப் போன அலை மட்டும் அப்படியே இருந்தது.

அந்த அலையில் இன்ஜினும் இல்லாமல் காற்றும் இல்லாமல் இரண்டு துடுப்பில் அவர்கள் திரும்பி வந்தார்கள். உச்சிவெயில். கரையில் நாங்கள் அத்தனை பேரும் நின்றோம். அலை வள்ளத்தைத் தூக்கி, கடலரிப்பைத் தடுக்கப் போட்டிருக்கிற தூண்டில் வளைவுக் கற்கள் பக்கம் கொண்டுபோய்க்கொண்டிருந்தது, ரெமிஜியுஸ் துடுப்பை விட முடியாது, கித்தேரி எழுந்து நின்று கயிற்றைச் சுழற்றி வீசினாள்.

எங்கள் கரையில் கயிறு வந்தால் பிடித்துவிடுவார்கள். வெட்டுப்பழி உள்ளவன் வீசினாலும், அந்நிய ஊர்க்காரன் வீசினாலும், முதலில் பிடித்து இழுத்துக் கரையில் போட்டுவிட்டுத்தான் சண்டை போடுவார்கள், இது கோயில் கட்டுகிறதுக்கு முன்னாலிருந்து இருக்கிற முறை. கயிறு எங்கள் காலடியில் வந்து விழுந்தது. யாரும் குனியவில்லை. அலை அதைத் திரும்ப இழுத்துக்கொண்டு போனது. கித்தேரி இழுத்துச் சுருட்டித் திரும்பவும் வீசினாள். "மாமா! மெட்டில்டா! பிடிங்க!" என்று கத்தினாள், பேர் சொல்லிச் சொல்லிக் கத்தினாள், இந்தத் தடவை ஒரு பேரைக்கூட அவள் விடவில்லை. எங்கள் கையில் குடம் இருந்தது. எங்களில் பாதிப்பேர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அது கழுவிவிட்ட மாதிரி நீலமாக இருந்தது.

அப்போது வள்ளத்திலிருந்து ஜெர்லின் குதித்தாள். தொப்பென்று விழுந்து தலை மறைய முங்கினாள், எழுந்தாள், கழுத்தளவுத் தண்ணீரில் கால் ஊன்றி நின்றாள், கயிற்றின் நுனியைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்து இழுத்தபடி, அலை தள்ளியும் விழாமல், எங்களை நோக்கி நடந்து வந்தாள். நாங்கள் அடைத்துக்கொண்டு நின்ற இடத்துக்குப் பின்னால்தான் வள்ளம் கட்டுகிற கல் இருந்தது.

"கொஞ்சம் தள்ளிக்கிடுங்க" என்றாள்.

தள்ளிக்கொண்டோம். அவள் கல்லில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டாள், அப்பா போடுவதைப் பார்த்துப் பழகின முடிச்சு. அவள் நடந்து வந்த இடமெல்லாம் கால் தடம் ஆழமாகப் பதிந்து, ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊறி நின்றது. மெட்டில்டா குனிந்து ஒரு தடத்தில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு. துப்பிவிட்டுக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள், இஞ்ஞாசி மாமா நடந்தார், நாங்களும் நடந்தோம். கயிற்றின் மறுமுனையில் கித்தேரியும் ரெமிஜியுஸும் இன்னும் அலையில் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.